குறைந்த செலவில் படமெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறும்படம் எடுக்க முனையும் பலர் எந்தக் கேமரா வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். கையிருப்பில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடுகிறது. இன்று ஓரளவு நல்ல கைப்பேசியே 4கே தரத்தில் பதிவு செய்கிறது. டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ் போன்ற படத்தொகுப்பு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆகவே முதல் படங்கள் கெட்டுப்போவதற்குக் கருவியின் விலை அரிதாகவே காரணமாகிறது. படப்பிடிப்பில் நேர்ந்த குறைகளுள் எவற்றைப் பின்னர் சரிசெய்யலாம், எவற்றைச் சரிசெய்யவே முடியாது என்று தெரியாமல் இறங்குவதுதான் பெரும்பாலும் காரணம். வண்ணம் சற்றுப் பிசகியிருந்தால் திருத்திவிடலாம். எதிரொலியோடு பதிவான வசனத்தையும், வெள்ளைத் தாளாக வெளுத்துப்போன வானத்தையும், எடுக்க மறந்த ஷாட்டையும் எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு ஒலியில்தான் நேர்கிறது. படம் சற்று மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார்; வசனம் புரியவில்லையென்றால் ஒரு நிமிடம்கூட அமரமாட்டார். கேமராவிலேயே இருக்கும் மைக்கை நம்புவதால் வரும் வினை இது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் நேராக வந்து சேரும் குரலின் அளவு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அறைக்குள்ளோ, சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி அவ்வளவாகக் குறையாது. குரல் மட்டும் மெலிந்து எதிரொலி மேலோங்கும். 2 மீட்டர் தள்ளியிருக்கும் விலை உயர்ந்த மைக்கைவிட, வாயிலிருந்து அரை மீட்டருக்குள் இருக்கும் சட்டையில் குத்திக்கொள்ளும் சாதாரண லேப்பல் மைக் தெளிவான வசனத்தைத் தருவது அதனால்தான். புதிதாகத் தொடங்குபவர் கேமராவை அப்படியே வைத்துக்கொண்டு முதலில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஹெட்போனைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் தொகுத்த ஒரு குறும்படத்தில் இருவர் சமையலறை மேசையருகே அமர்ந்து பேசும் காட்சி வந்தது. ஒருவருடைய குளோசப்பை எடுத்தபோது ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவருடையதை எடுத்தபோது அதன் கம்பிரசர் தானாக நின்றிருந்தது. தளத்தில் இருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி வெட்டி அடுக்கியபோது, ஒருவர் பேசும்போதெல்லாம் ரீங்காரம் எழுந்து, மற்றவர் வாய் திறந்ததும் சட்டென்று அறுந்தது. அந்தக் காட்சியில் யாரும் பேசாதபோது அறையில் இருக்கும் ஒலியை, அதாவது ரூம் டோனை, தனியே பதிவு செய்திருந்தால் வெட்டுகளுக்கு அடியில் அதை விரித்து ஓரளவு மறைத்திருக்கலாம்; அதையும் யாரும் எடுத்திருக்கவில்லை. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் அசையாமல் நிற்கச்சொல்லி 30 விநாடி முதல் ஒரு நிமிடம் வரை ரூம் டோன் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினால் வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். கிளம்பும்போது மறுபடியும் ஓடவிட மறக்கமாட்டீர்கள்.

பதிவின் அளவை வைப்பதிலும் பலர் தவறுகிறார்கள். ஒலி அளவைக் காட்டும் மீட்டர் 0 டெசிபலைத் தொட்டால் ஒலியின் முகடுகள் வெட்டுப்பட்டுச் சிதறும். பிறகு அளவைக் குறைத்தாலும் அந்தச் சிதறல் போகாது. பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு வைத்தால், நடிகர் திடீரென்று குரலை உயர்த்தினாலும் இடமிருக்கும்.

அடுத்தது எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டுவிடுவது. சன்னலுக்கு முன்னால் நிற்பவர் ஓர் அடி நகர்ந்ததும் கேமரா தானாக எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே வாங்கும் ஒளியின் அளவை, மாற்றும். முகம் ஒரு நொடி இருண்டு மறு நொடி வெளிறும். வெள்ளையை வெள்ளையாகக் காட்ட வண்ணத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸும் அப்படியே. ஒரே டேக்கின் நடுவில் சுவர் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நகர்ந்தால், அதைத் திருத்த ஃபிரேம் ஃபிரேமாக உட்கார வேண்டியிருக்கும். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் 5600 கெல்வின், மஞ்சள் ஒளி தரும் டங்ஸ்டன் விளக்கில் 3200 கெல்வின் என்று வைத்துப் பூட்டிவிடுங்கள். அளவு சற்றுத் தவறாக இருந்தாலும், காட்சி முழுவதும் ஒரே மாதிரித் தவறியிருந்தால் ஒரே திருத்தத்தில் சரியாகிவிடும்.

ஃபிரேம் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, முதல் ஷாட்டுக்கு முன்பே முடிவு செய்யாமல், சிலவற்றை 24இலும் சிலவற்றை 30இலும் எடுத்தால், ஒரே டைம்லைனில் வைக்கும்போது அசைவு தத்தித் தத்தி நகரும். 24 அல்லது 25 ஃபிரேமுக்கு ஷட்டர் வேகம் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியைப் பெறும் நேரம்) விநாடியில் 50இல் ஒரு பங்காக இருப்பது அசைவை இயல்பாகக் காட்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் திரையில் மினுக்காமலும் இது காக்கும். கைப்பேசியில் எடுப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பல கைப்பேசிகள் 30 ஃபிரேம் என்று காட்டினாலும் உண்மையில் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே பதிகின்றன. அதனால் தனி ரெக்கார்டரில் பதிந்த குரல் தொடக்கத்தில் உதட்டசைவோடு பொருந்தி, நேரம் செல்லச் செல்ல விலகிப்போகலாம். நிலையான ஃபிரேம் ரேட்டில் பதியும் கேமரா செயலியைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் தொகுப்பதற்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் கோப்பை நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

படத்தொகுப்பை மனத்தில் வைக்காமல் ஷாட் எடுப்பது பலருக்குத் தவறாகவே தோன்றுவதில்லை. ஆனால் தொகுப்பு மேசையில் அதிகம் வலிக்கும் தவறு இதுதான். வசனம் முடிந்த கணமே "கட்" சொல்லிவிடுகிறார்கள். பேசி முடித்தவரின் முகத்தில் அதற்குப் பிறகுதான் உண்மையான உணர்ச்சி எழும். அந்த ஐந்து விநாடி இல்லாமல் தொகுப்பாளர் தவிப்பார். கோப்பையின் பிடியைத் திருப்பிக்கொண்டிருக்கும் விரல்கள், கதவை நோக்கித் திரும்பும் பார்வை போன்ற சிறு இடைவெட்டு ஷாட்டுகளைக் காட்சிக்கு இரண்டு மூன்றாவது எடுத்துவைத்தால், நல்ல டேக்கின் முதல் பாதியையும் வேறொரு டேக்கின் இரண்டாம் பாதியையும் தைத்த இடம் தெரியாமல் இணைக்கலாம். பேசும் இருவருக்கும் இடையே ஒரு கற்பனைக் கோட்டை இழுத்து, கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வைத்திருங்கள். காரணமின்றிக் கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையில் பார்ப்பதுபோலத் தோன்றி, யார் யாரிடம் பேசுகிறார் என்பதே குழம்பும்.

தொகுக்க அமர்ந்ததும் வண்ணத்தில் கைவைப்பது வீண் உழைப்பு. மூன்று மணிநேரம் செலவிட்டு மெருகேற்றிய ஷாட்டை மறுநாள் வெட்டி எறிய மனம் வராது. படம் அந்த ஷாட்டைச் சுமந்துகொண்டே நகரும். முதலில் கதை நிற்கிறதா என்று வெறும் வெட்டுகளால் பாருங்கள். பின்னணி இசையையும் அப்போது அணைத்துவையுங்கள், ஏனெனில் தளர்ந்த காட்சியையும் இசை உயிருள்ளதுபோலக் காட்டிவிடும். படத்தையும் ஒலியையும் ஒரே புள்ளியில் வெட்டாமல், அடுத்தவரின் குரல் அரை விநாடி முன்னதாகவே தொடங்கும்படி வைத்துப்பார்த்தால், உரையாடல் எவ்வளவு இலகுவாக ஓடுகிறது என்பது உடனே தெரியும். கணினி திணறினால் புதிய கணினிக்கு ஓட வேண்டியதில்லை. ப்ராக்ஸி எனப்படும் சிறிய, தரம் குறைந்த நகல் கோப்புகளை உருவாக்கித் தொகுத்து, எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக் கோப்புக்குத் திரும்பினால் போதும்.

கோப்புகளைக் காப்பதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரக் காட்சி 45 ஜிபி வரும். அதனால் அன்றே கார்டைக் காலிசெய்ய வேண்டிய நெருக்கடி வந்துவிடும். ஒரே ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிட்டுக் கார்டை அழித்தால், உங்களிடம் இருப்பது மறுபடியும் ஒரே பிரதிதான். இரண்டு தனித்தனி டிஸ்குகளில் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் சில கிளிப்புகளைக் கடைசிவரை ஓட்டிப்பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அதையும் கணினியில் செய்யாமல் கேமராவிலேயே செய்யுங்கள்.