வன்னியில இருந்து நுவரெலியா குளிர் பாக்கப் போறவை விடுற பிழையள்

மார்கழி லீவு விட்டாக் காணும், கிளிநொச்சி முல்லைத்தீவு வவுனியாப் பக்கத்து வட்சப் குறூப் எல்லாத்திலயும் ஒரே கதைதான், நுவரெலியா போவமா, வான் பிடிப்பமா, ஆளுக்கு எவ்வளவு வரும் எண்டு. நானும் இதுவரைக்கும் அஞ்சு தரம் போய் வந்திட்டன், ரெண்டு தரம் குடும்பத்தோட, மிச்சம் பெடியளோட, ஒவ்வொரு தரமும் ஏதோ ஒரு பிழை விட்டுத்தான் படிச்சனாங்கள். யோசிச்சுப் பாத்தா எல்லாத்துக்கும் அடி ஒண்டுதான். நாங்கள் தரை ஊர் ஆக்கள். வயலும் குளமும் நேர் றோட்டும் பாத்து வளந்த கணக்கில மலையையும் அளக்கிறம், தூரத்தை ஏ9 கணக்கில, குளிரை எங்கட மார்கழிப் பனிக் கணக்கில. அந்தக் கணக்கு அங்க சரிவராது.

முதல் தூரத்தைச் சொல்லுறன். கிளிநொச்சியில இருந்து கண்டிக்கு 250 கிலோமீற்றர் கிட்ட வரும், அதுக்கு மேல கண்டியில இருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியா நுவரெலியாவுக்கு 77 கிலோமீற்றர். இந்த 77 ஐப் பாத்திட்டுத்தான் எங்கட ஆக்கள் ஏமாறுறது, கிளிநொச்சி வவுனியாத் தூரந்தானே, ஒண்டேகால் மணித்தியாலத்தில ஏறீரலாம் எண்டு. ஏறேலாது. ரெண்டரை மூண்டு மணித்தியாலம் வேணும், முன்னால ஒரு லொறி மாட்டினா இன்னும் கூட. பிறகு வெள்ளி பின்னேரம் வேலை முடிச்சு, சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு, ஒரே றைவர் விடிய விடிய ஓடி, நித்திரை கண்ணைச் சொருகுற அந்த நாலு மணி அஞ்சு மணிக்கு மலை வளைவில ஏறுறது. இதை மட்டும் செய்யாதேங்கோ. வெள்ளி மத்தியானமே லீவு போட்டு வெளிக்கிட்டு மாத்தளையிலயோ கண்டியிலயோ இரவு தங்கி, சனி காலமை வெளிச்சத்தில ஏறுங்கோ. தங்கிற காசு வீண் எண்டு சொல்லுவினம், றைவரும் மனுசன்தானே, அவற்ற கையிலதான் ஒன்பது உயிர் இருக்கு.

ரெண்டு நாளுக்குள்ள எல்ல, சிவனொளிபாதமலை, கண்டி எல்லாத்தையும் அடைக்கிறதும் இதே பிழைதான். சிவனொளிபாதமலை சீசன் மார்கழிப் போயாவில தொடங்கி வெசாக் மட்டும் போகும், அந்த நாளில சனி ஞாயிறு ஹட்டன் பக்கம் வாகனம் நெரியும். ஒரு கிழமைக்கடைசிக்கு நுவரெலியாவும் அதைச் சுத்தி ஒரு ரெண்டு இடமும் காணும்.

இனி பிறேக். இதைக் கொஞ்சம் விவரமாச் சொல்லோணும், ஏனெண்டா எங்கட பக்கத்து றைவர்மார் நல்ல கெட்டிக்காரர், ஆனா வன்னியில இறக்கம் எண்டு ஒண்டு இல்லை. மாங்குளத்தில இருந்து பரந்தன் மட்டும் பிறேக்கில கால் வைக்கிறதே மாடு குறுக்க வந்தாத்தான். மலை இறங்கேக்க அவை என்ன செய்யினம் எண்டா மேல் கியரில விட்டிட்டு பிறேக்கை அமத்தி அமத்தி வாறது, சிலபேர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில விடுறது. தொடர்ந்து அமத்த அமத்த பிறேக் சூடேறிக்கொண்டே போகும், பிறேக் ஒயில் பழசெண்டா அதுக்குள்ள ஈரம் ஊறியிருக்கும், அந்த ஈரம் கொதிச்சு ஆவியாகினா பெடலை மிதிக்க மிதிக்க உள்ள போகுமே தவிர வாகனம் நிக்காது.

எங்களுக்கு அது முக்கால்வாசி நடந்தது. றம்பொடைக்குக் கீழ ரெண்டு மூண்டு வளைவு தாண்டி வரேக்க வானுக்குள்ள ஒரு மணம், ரயர் எரியிற மாதிரியும் இல்லை, வயர் எரியிற மாதிரியும் இல்லை. பின் சீற்றில இருந்த என்ர மகள்தான் முதல் சொன்னவள், அப்பா ஏதோ கருகுது எண்டு. றைவர் அகலமான இடம் பாத்து ஓரங்கட்டி இறங்கிப் பாத்தா முன் சில்லுக்குள்ளால மெல்லிசாப் புகை வருது. ஒரு பெடியன் தண்ணிப் போத்தலோட ஓடினவன் ஊத்த, நல்ல வேளை பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில நிண்ட தோட்டத்து ஐயா ஒராள் கத்திப்போட்டார், "தண்ணி ஊத்தாத தம்பி, வெடிச்சுப் போயிரும், அதுவா ஆறட்டும்." பிறகு எங்கட றைவரைப் பாத்துச் சொன்னவர், "எந்த கியர்ல ஏறுனீங்களோ அந்த கியர்லயே எறங்கணும்." இருவது வருசம் தோட்டத்து லொறி ஓடின மனுசனாம். அரை மணித்தியாலம் அங்கயே நிண்டு தேத்தண்ணி குடிச்சிட்டு, ரெண்டாம் கியரில ஊர்ந்து ஊர்ந்து இறங்கினம்.

ஆனபடியால் வெளிக்கிட முதல் கராச்சில காட்டி பிறேக் பாட், பிறேக் ஒயில், ரயர் மூண்டையும் பாருங்கோ. ஒட்டோ கியர் வாகனம் எண்டா இறக்கத்தில கியர் தடியில எல் (L) இல்லாட்டி எஸ் (S) எண்டு இருக்கிறதில போடுங்கோ, டீ (D) யில விட்டிட்டு இருக்காதேங்கோ. ஒடுக்கமான இடத்தில ஏறி வாற வாகனத்துக்குத்தான் வழி விடோணும், நிண்டுபோனா அவனுக்குத் திரும்ப எடுக்கிறது கஷ்டம். புகார் மூடினா ஹெட்லைற்றை டிம்மில போடுங்கோ, தூர வெளிச்சம் போட்டா புகாரில பட்டு உங்கட கண்ணுக்கே திரும்பி வரும். அந்த வளைவுகளில பூ விக்கிற பெடியள் நிப்பினம், மேல் வளைவில வாங்காட்டி குறுக்கு வழியால இறங்கி ஓடி அடுத்த வளைவிலயும் பூங்கொத்தோட நிப்பான். பாக்கப் பாவமாத்தான் இருக்கும், ஆனா அவனுக்காக வளைவில நிப்பாட்டினா அவனுக்கும் ஆபத்து, பின்னால வாறவனுக்கும் ஆபத்து. வாங்க விருப்பமெண்டா அகலமான இடத்தில நிப்பாட்டி வாங்குங்கோ.

குளிர் எவ்வளவு இருக்கும் எண்டு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஆயிரம் மீற்றர் மேல போனா கிட்டத்தட்ட ஆறரைப் பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அப்ப 12 பாகை குறையோணும். எங்கட ஊரில தை மாசம் விடியப்புறம் 22 பாகை எண்டா அங்க 10. அது சும்மா நாளுக்கு. தை மாசியில வானம் வெளிச்ச இரவுகளில இன்னும் இறங்கி விடிய புல்லில வெள்ளையா உறைபனி படியும். மழை இரவுதான் கூடக் குளிர் எண்டு நினைக்கிறது பிழை, முகில் இருந்தா அது போர்வை மாதிரி, நட்சத்திரம் நிறையத் தெரியிற இரவுதான் ஆளை நடுங்க வைக்கும். பகலில வெயிலுக்க நிண்டா 20 பாகை வரும், அப்ப ஒரு மொத்த ஜக்கெற்றை மட்டும் கொண்டு போனா பகல் முழுக்க அதைக் கையில தூக்கிக்கொண்டு திரியோணும். மெல்லிசா ரெண்டு மூண்டு, ஒண்டுக்கு மேல ஒண்டு போடுற மாதிரிக் கொண்டு போங்கோ. நனைஞ்ச பருத்தி உடுப்போட நிக்கக்கூடாது, அது உடம்புச் சூட்டை உறிஞ்சிப்போடும். எல்லாம் ஊரிலயே வாங்கோணும் எண்டும் இல்லை, நுவரெலியா ரவுணில றோட்டோரக் கடையளில சுவெற்றர், தொப்பி, கையுறை குமிஞ்சு கிடக்கும், பேரம் பேசலாம்.

அம்மம்மா அம்மப்பா ஆக்கள், கைக்குழந்தையள் வந்தா காலும் தலையும்தான் முக்கியம், சொக்ஸ் போடாமல் செருப்போட இறக்காதேங்கோ. முட்டு, அதுதான் மூச்சிழுப்பு இருக்கிறவைக்கு மருந்து இழுக்கிற பம்மை கைப்பையில வையுங்கோ, அடியில கிடக்கிற சூட்கேசுக்குள்ள இல்லை. வளைவில சத்தி வாற ஆக்கள் கண்டி தாண்ட முதலே குளிசை போடோணும், தலை சுத்தத் தொடங்கின பிறகு போட்டா அதுவும் வெளியில வந்திடும். காலமை புட்டை வயிறு முட்டச் சாப்பிட்டிட்டு ஏறாதேங்கோ.

இப்ப நான் முக்கியமாச் சொல்ல வந்ததுக்கு வாறன், மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதேங்கோ. அறைக்குள்ள கரி கொழுத்தக் கூடாது.

ரெண்டாந்தரம் குடும்பத்தோட போகேக்க மலிவா ஒரு வீடு எடுத்தனாங்கள், ஹீட்டர் இல்லை. இரவு வெளியில கோழி வாட்டினம். சாப்பிட்டு முடிய, கரி தணல் நல்லாச் சிவந்து கிடக்கு, வீணாப் போகுதே எண்டு மச்சான் அதை அப்பிடியே ஒரு பழைய தாச்சியில அள்ளிக்கொண்டு வந்து அம்மாவும் பிள்ளையளும் படுத்த அறைக்குள்ள வச்சார். புகை இல்லை, மணம் இல்லை, அறை இதமா இருந்தது. குளிர் வரக்கூடாதெண்டு கதவுக்குக் கீழ துவாயும் அடைஞ்சது. ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும், சின்னவன் தலையிடிக்குது எண்டு அழுறான், அம்மா எழும்பிச் சத்தி எடுக்கிறா, நாங்கள் நினைச்சம் வான் ஓட்டந்தான் இன்னும் அடங்கேல்லை எண்டு. மற்ற அறையில இருந்து வந்த மாமிதான் கதவைத் திறந்த உடன "இதென்ன தணலை உள்ள வச்சிருக்கிறியள்" எண்டு சத்தம் போட்டு, யன்னல் எல்லாத்தையும் திறந்து, பிள்ளையளைத் தூக்கி வெளியில கொண்டு வந்தவ. அந்தக் குளிருக்க முத்தத்தில போர்வையால போத்துக்கொண்டு இருந்த பிறகுதான் அம்மாவுக்குத் தலை தெளிஞ்சது. மாமி வராமல் விட்டிருந்தா எண்டு நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு படபடக்குது.

கரி எரியேக்க கார்பன் மொனொக்சைட் எண்டொரு வாயு வரும், அதுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. ரத்தத்தில ஒட்சிசன் பிடிக்கிற இடத்தை அது ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிக்கும், அப்ப மூச்சு எடுத்துக்கொண்டே இருந்தாலும் உடம்புக்கு ஒட்சிசன் போகாது. தலையிடி, தலைசுத்து, சத்தி, பிறகு நித்திரை மாதிரி ஒரு மயக்கம், அதுக்குள்ள போனா எழும்புறது சந்தேகம். புகை இல்லாத தணல் ஆபத்தில்லை எண்டுதான் எங்கட ஆக்கள் நினைக்கிறது, புகை இல்லாட்டிலும் அந்த வாயு வந்துகொண்டுதான் இருக்கும். ஊரில அடுப்படி ஓலையும் தட்டியுமா காத்துப் போய்வாற இடம், அதால எங்களுக்கு இது பழக்கமில்லை. காஸ் அடுப்பைக் கொழுத்தி அறையைச் சூடாக்கிறதும், வானுக்குள்ள கண்ணாடி பூட்டி எஞ்சினை ஓட விட்டிட்டு றைவர் படுக்கிறதும் இதே ஆபத்துத்தான். றைவருக்கும் ஒரு கட்டில், ஒரு கம்பளி கேட்டு எடுங்கோ. ஒரே அறையில ரெண்டு பேருக்கு ஒரே நேரம் தலையிடிச்சா வேற ஒண்டும் யோசியாமல் எல்லாரையும் வெளியில எடுத்திட்டு 1990 க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வீடு புக் பண்ணேக்கயே ஹீட்டர் இருக்கோ, ஆளுக்கு எத்தனை போர்வை, சுடுதண்ணி எதால வருது எண்டு கேளுங்கோ, படத்தைப் பாத்து மயங்கவேண்டாம்.

சமையல் சாமான் கொண்டு போறவைக்கு ஒரு வரி. அந்த உயரத்தில தண்ணி 94 பாகை கிட்டவே கொதிச்சிடும், அதால பருப்பும் குத்தரிசியும் லேசில அவியாது. பிறஷர் குக்கர் ஒண்டை வானில போடுங்கோ.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போறதெண்டா விடிய அஞ்சு மணிக்கே வெளிக்கிடோணும், ஒன்பது பத்து மணிக்குப் பிறகு உலக முடிவு எண்டுற அந்தச் செங்குத்து மலைவிளிம்பில புகார் ஏறி மூடிப்போடும், பிறகு அவ்வளவு தூரம் நடந்து போய் வெள்ளைச் சுவரைத்தான் பாப்பியள். வாசலில பை பாத்து பொலித்தீன் எல்லாம் எடுப்பினம், கோவிக்காதேங்கோ. அங்க மரை வாகனத்துக்குக் கிட்டவே வரும். எங்கட காட்டில மரையைக் காண்றதெண்டா இருட்டுக்க கண் ரெண்டும் மின்னுறதோட சரி, அங்க ஒரு பெரிய ஆண் மரை வான் கண்ணாடிக்குக் கிட்ட வந்து மூச்சு விட கண்ணாடியில ஆவி படிஞ்சது, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திட்டுது. அதுக்கு பிஸ்கற்றும் பாணும் குடுக்காதேங்கோ. சாப்பாட்டு மணத்துக்கு பொலித்தீனையும் சேத்து விழுங்கி, வயித்துக்க அது சிக்கிச் செத்த மரையள் இருக்கு.

கொழுந்து எடுக்கிற அம்மாக்களைக் கேக்காமல் படம் எடுக்கிறது எனக்குச் சரியான மனவருத்தம். 58, 77 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தில இருந்து எத்தினை குடும்பம் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினது, இண்டைக்கு எங்கட பக்கத்து வீட்டுக்காரர், எங்கட சம்பந்திமார் அவை. அந்த அம்மாக்கள் எங்கட சனம். அவைக்கு நிறுவைக் கணக்கிருக்கு, நீங்கள் மறிச்சு வச்சு சிரிக்கச் சொல்லுற பத்து நிமிசம் அவையின்ர கூடையில குறையும். லயத்துக்குள்ள போய் கமரா தூக்கிறதும் அப்பிடித்தான், அது ஒராளின்ர வீட்டு வாசல். கேட்டுப் போங்கோ, தமிழில "அம்மா சுகமா இருக்கிறியளா" எண்டு கேட்டா எங்க இருந்து வாறீங்கனு விசாரிச்சுத் தேத்தண்ணி தந்துதான் அனுப்புவினம்.

வெளிக்கிட முதல் நாள் மண்சரிவு எச்சரிக்கை பாருங்கோ. 2025 கார்த்திகைக் கடைசியில டித்வா புயல் வந்து மலையகத்து றோட்டையும் ரயில் பாதையையும் என்ன செய்தது எண்டு எல்லாரும் பாத்தனாங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இடம் இடமா அறிவிக்கும், போற வழியில செம்மஞ்சளோ சிவப்போ எண்டா முற்பணம் போனாலும் போகட்டும், பயணத்தைத் தள்ளுங்கோ. 117 க்கு அடிச்சா அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

திரும்பி வாற ஞாயிறு காலமை பத்துக்கு முதல் இறங்கத் தொடங்கினா மலை றோட்டை வெளிச்சத்தில முடிக்கலாம், பின்னேரம் புகார் இறங்கும். எல்லாரும் லீக்ஸ், கரட், கோவா வாங்கி பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி சீற்றுக்குக் கீழ தள்ளிறது, தம்புள்ள தாண்ட வெக்கை ஏறி கிளிநொச்சிக்கு வரேக்க பாதி அழுகின மணம். பேப்பரில சுத்தி உரப்பையில போடுங்கோ, ஈரத்தோட கட்டாதேங்கோ. முறிகண்டியில பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்க இறங்கேக்க அந்தப் பையின்ர வாயை அவிட்டுக் கொஞ்சம் காத்துப் பட விடுங்கோ.