720720-ஐப் பிரித்துப் பார்க்கலாம், வாருங்கள்

பெரிய எண்ணைப் பார்த்தவுடன் கை தானாகக் கால்குலேட்டருக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். இலக்கங்களை முதலில் உற்றுப் பார்த்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒரு தாளில் 720720 என்று எழுதிக்கொள்ளுங்கள். காற்புள்ளி வேண்டாம், இங்கே அது கண்ணை மறைக்கும்.

படி 1: உடைப்பது

720 என்பது அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது, இல்லையா? அப்படியானால் இது 720000 + 720, அதாவது 720 × 1001. எந்த மூன்றிலக்க எண்ணை இப்படி இரண்டு முறை எழுதினாலும் 1001 வந்துவிடும். 1001 = 7 × 11 × 13. இதை மனப்பாடமே செய்து வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு உதவும்.

மிச்சம் 720. அதை 2-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள்: 360, 180, 90, 45. நான்கு முறை ஆயிற்று. 45 என்பது 3 × 3 × 5. ஆக,

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

இந்த ஒரு வரியைப் பிழையில்லாமல் எழுதிவிடுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரப்போகிறது.

படி 2: வகுத்திகளை எண்ணுவது

ஒரு வகுத்தியை உருவாக்க 2-ஐ எத்தனை முறை எடுக்கலாம்? எடுக்காமலே விடலாம், 1, 2, 3 அல்லது 4 முறையும் எடுக்கலாம். மொத்தம் 5 வழிகள். 3-க்கு 3 வழிகள். மற்ற நான்கு பகா எண்களுக்கும் தலா 2. பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240.

புதிதாகச் செய்பவர்கள் அடுக்குகளை அப்படியே பெருக்கி 8 என்று எழுதிவிடுவதுண்டு. எடுக்காமல் விடுவதும் ஒரு வழிதான் என்பது விட்டுப்போவதால் வரும் பிழை அது. இன்னொன்று: 720720-ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 வகுத்திகள் கிடையாது.

படி 3: 1 முதல் 16 வரை

இந்த எல்லா எண்களாலும் 720720 மீதியின்றி வகுபடும். 16-க்கு நான்கு 2-களும் வேண்டும், 9-க்கு இரண்டு 3-களும் வேண்டும், 5, 7, 11, 13 எதையும் விட முடியாது. மேலே உள்ள வரியில் கூடுதலாக எதுவும் இல்லை. அதனால் இதுவே அவற்றின் மீச்சிறு பொது மடங்கு. 17-ஆல் வகுத்தால் 5 மீதி வரும்.

படி 4: வர்க்கத்துக்குப் பக்கத்தில்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 849² = 720801. நம் எண்ணை விட 81 அதிகம். 81 என்பதோ 9². அப்புறம் என்ன, பள்ளியில் படித்த a² − b² போதும்:

720720 = 849² − 9² = (849 − 9)(849 + 9) = 840 × 858

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா காட்டிய காரணி காணும் முறை இதுதான். பெருக்கினால் 720720 தரும் சோடிகளில் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியது இந்தச் சோடி. சரிபார்க்க வேண்டுமா? 840 = 2³ × 3 × 5 × 7, 858 = 2 × 3 × 11 × 13. இரண்டையும் சேர்த்தால் முதல் படியில் எழுதிய வரி அப்படியே திரும்பி வரும்.