மாலைப் பதற்றமும் சன்னல் கண்ணாடியும்

மறதி நோயுள்ள எங்கள் அப்பாயி பகலில் அமைதியாக இருப்பார். பின்னேரம் 5 மணி தாண்டியதும், தேயிலைக் கொழுந்து நிறுக்கப் போகவேண்டும், கூடை எங்கே என்று கேட்டுக்கொண்டு காம்பராவுக்கும் (அறை) இஸ்தோப்புக்குமாக (முன் திண்ணை) நடக்கத் தொடங்கிவிடுவார். திடீர்க் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்றும் காரணமாகலாம் என்பதால் இலங்கை மலையக நகரான ஹட்டனில் பரிசோதித்தோம்; தொற்று இல்லை. மத்தியானத் தூக்கத்தைக் குறைத்து, பின்னேரத் தேத்தண்ணீரையும் நிறுத்தியதில் இரவுத் தூக்கம் சற்றுத் தேறியதே தவிர, நடை நிற்கவில்லை. வேலையை விட்டுப் பல வருடமாயிற்று என்று விளக்கியதோ கோபத்தைத்தான் கூட்டியது.

அவர் எப்போதும் ஒரே சன்னலின் முன் நின்று, வெளியே நிற்கும் கிழவியை உள்ளே கூப்பிடச் சொல்வதைத் தங்கைதான் கவனித்தாள். இங்கே மூடுபனி இறங்கினால் பொழுது சாயுமுன்பே வெளியே இருண்டுவிடும்; உள்ளே விளக்கு எரிய, கண்ணாடியில் தெரிந்தது அவருடைய உருவமே. இப்போது 4 மணிக்கே எல்லா விளக்குகளையும் போட்டு, அந்தச் சன்னலைத் தடித்த சீலையால் மூடிவிடுகிறோம். கூடையைக் கேட்டால் மறுத்துப் பேசாமல், சுளகில் கீரையைக் கொட்டி ஆயக் கொடுக்கிறோம், விரல்கள் கொழுந்தெடுத்த வேகத்திலேயே ஓடுகின்றன. நடை முற்றாக நிற்கவில்லை என்றாலும், கதவைப் பூட்டவேண்டிய நிலை இல்லாமற்போனதே பெரிய நிம்மதி. சாமிப் படத்தின் கண்ணாடியும் இதே வேலையைச் செய்ததால், அதையும் விளக்குக்கு எதிரில் இல்லாத சுவருக்கு மாற்றிவிட்டோம்.