ஃபைபர் படகில் விரிசலா? வீட்டுச் சாமான்களை வைத்தே ஒட்டுப் போடலாம்

2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் பல ஊர்களில் கட்டுமரம் கிடந்த இடத்துக்கு ஃபைபர் படகு வந்துவிட்டது. அதில் உள்ளங்கை அளவு விரிசல் என்றால் நாமே ஒட்டலாம். கருவிக்குச் செலவழிக்க வேண்டாம். ஆனால் வேலை முடிந்து கையோடு எடுத்து வருகிற சாமானில் மட்டும் மிச்சம் பிடியுங்கள். படகிலேயே தங்கிவிடுகிற ரெசின் (இறுகும் பிசின்), மேட் (கண்ணாடியிழைப் பாய்), போல்ட் மூன்றிலும் கை சுருக்காதீர்கள், அதை நம்பித்தான் கடலுக்குள் போகிறோம்.

முதலில் ஐந்து ரூபாய் நாணயத்தால் விரிசலைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கும். அடுக்கு பிரிந்த இடம் 'பொத் பொத்' என்று மந்தமாகக் கேட்கும். சத்தம் மாறுகிற இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற விரிசலைவிட அந்த வட்டம் பெரிதாக இருந்தால் அதைத்தான் நம்ப வேண்டும். நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி, முழுசாகக் காயவிடுங்கள்.

அடுத்து தேய்ப்பு. பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி, அதில் 40ஆம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். மரக்கட்டையைவிட இது நல்லது, படகின் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். 4 மி.மீ. தடிப்புள்ள பக்கம் என்றால் விரிசலைச் சுற்றி 5 செ.மீ. வரை சரிவாகத் தேயுங்கள். ஓட்டையே விழுந்திருந்தால் பழைய எண்ணெய் கேனை வெட்டி உள்பக்கம் முட்டுக் கொடுங்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் ரெசின் ஒட்டாது.

இனி கலவை. தெர்மாகோல் கப் வேண்டவே வேண்டாம், ரெசின் அதைக் கரைத்துவிடும். தண்ணீர் பாட்டிலின் அடிப்பாகம் போதும். கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) சேர்க்காத ரெசின் என்றால் முதலில் கோபால்ட்டைச் சேர்த்து நன்றாகக் கலக்குங்கள். அப்புறம்தான் கேட்டலிஸ்ட், அதாவது ரெசினை இறுக வைக்கும் திரவம். 100 கிராம் ரெசினுக்கு 1.5 மி.லி., மருந்துக்கடை சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டு அளக்கலாம். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடிக்கும். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், அதனால் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. தடிப்பு தரும். 4 மி.மீ. பக்கத்துக்கு நாலு அடுக்கு. மேட்டின் எடையைப்போல இரண்டு மடங்கு ரெசின். பிரஷால் இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். காற்றுக் குமிழை வெளியேற்ற உருளை வேண்டுமே? நீளமான போல்ட்டில் பெரிய வாஷர், சின்ன வாஷர் என்று மாற்றி மாற்றிக் கோத்து உருட்டுங்கள், வெள்ளைப் புள்ளிகள் மறைவது தெரியும்.

மேலே பாலிதீன் தாளை மூடி, துணியால் நீவிவிடுங்கள். காற்றுப் பட்டால் பாலியெஸ்டர் ரெசினின் மேல்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். உச்சிவெயிலில் செய்தால் கலவை பாட்டிலிலேயே இறுகிவிடும், நிழலில் செய்யுங்கள். பக்கத்தில் போல்ட் கழற்றியிருந்தால் துருப்பிடித்ததைத் திரும்பப் போடாமல் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள்.

மறுநாள் தாளை உரித்துவிட்டு அதே நாணயத்தால் தட்டுங்கள். எங்காவது 'பொத்' கேட்டால் அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து மறுபடி ஒட்டுங்கள்.