அப்பாயி கதைய ரெக்கார்ட் பண்ணி எழுதுறது எப்படி

இலங்கை தோட்டத்து தமிழர்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்ப 1964ல போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம், இலங்கை தலைமன்னார்ல கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு, கூடலூர் கோத்தகிரி பக்கம் டேன்டீங்கற தமிழ்நாடு அரசு தேயிலை எஸ்டேட்டுக்கு போனவங்க வீடுகள்ல, அந்த கப்பல் ஞாபகம் இருக்கறவங்க இப்ப கொஞ்ச பேர்தான். எங்க அப்பாயி அதுல ஒருத்தங்க. உங்க வீட்லயும் இருந்தா அடுத்த தடவ ஊருக்கு போறப்பவே உக்காந்துருங்க.

போனே போதும், ஃப்ளைட் மோட்ல போட்டுருங்க, நடுவுல கால் வந்தா போச்சு. வேவ் (WAV, சுருக்காத ஆடியோ) ஃபார்மட் இருந்தா அதுலயே எடுங்க, மோனோல (ஒரே சேனல்) ஒரு மணி நேரம் சுமார் 300 எம்பி வரும். ஃபேன், டிவி ஆஃப். முதல்ல தேதி, இடம், பேசுறவங்க பேரு சொல்லிட்டு, இத யாருக்கெல்லாம் காட்டலாம்னு கேளுங்க, அவங்க பதிலும் அதுலயே பதிவாகட்டும்.

வருஷத்த கேக்காதீங்க. "எந்த வருஷம் வந்தீங்க"ன்னு கேட்டப்ப அப்பாயிக்கு ஒண்ணும் வரல, "கப்பல் ஏறுறப்ப அப்பா நடந்துச்சா, இடுப்புல இருந்துச்சா"ன்னு கேட்டதும் ட்ரங்கு பெட்டில என்னென்ன இருந்துச்சுங்கற வரைக்கும் வந்துருச்சு. வருஷத்த பழைய பாஸ்போர்ட் பாத்து நாமளே போட்டுக்கலாம். பேச்சு நின்னா உடனே அடுத்த கேள்விக்கு தாவாதீங்க, சும்மா இருங்க, முக்கியமானது அதுக்கப்புறம்தான் வரும்.

எழுதுறதுதான் பெரிய வேலை, ஒரு மணி நேர பேச்சுக்கு அஞ்சாறு மணி நேரம் ஆகும், ஆடாசிட்டிங்கற இலவச ஆடியோ சாஃப்ட்வேர்ல ஸ்பீட குறைச்சு வச்சு கேட்டு டைப் பண்ணுங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா டைம் போட்டு வைங்க. லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கங்காணி (வேலைய மேற்பார்க்கறவர்), தொரை (எஸ்டேட் மேனேஜர்) எல்லாம் வாயில வந்த மாதிரியே இருக்கணும். "பெரட்டுக்கு தப்பு அடிப்பாங்க"ன்னு (பெரட்டுன்னா காலைல வேலைக்கு ஆள் கூடுறது, தப்புன்னா பறை) அப்பாயி சொன்னத நான் "காலையில் வேலைக்கு அழைப்பார்கள்"னு எழுதிட்டேன், படிச்சு காட்டுனப்ப "இது யாரு சொன்னது"ன்னு கேட்டாங்க. அன்னைக்கே எல்லாத்தையும் திரும்ப எழுதுனேன்.

எடிட்டிங்குக்கு தனி ஃபைல் வைங்க, முதல் ஃபைல தொடவே கூடாது. திரும்ப திரும்ப வர்றத எடுக்கலாம், முன்ன பின்ன மாத்தி அடுக்கலாம், ஆனா அவங்க சொல்லாத வார்த்தைய சேத்தா சதுர அடைப்புக்குள்ள போடுங்க. முடிச்சதும் முழுசா படிச்சு காட்டுங்க, எடுக்க சொன்னத எடுத்துருங்க. அப்பாயி லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்க பேர எடுக்க சொன்னாங்க, அவங்க பேரப்புள்ளைங்க இன்னும் அங்கதான் இருக்காம், எடுத்துட்டேன், அந்த ஆடியோவையும் யாருக்கும் அனுப்பல.