தெரியாத முகங்கள் நிறைந்த ஹாலுக்குள் நுழைவது எப்படி, அப்புறம் அதே ஹாலை நீங்களே நடத்துவது எப்படி

ஸ்டார்ட்அப் மீட்டப்புக்கு, அதாவது புதுத் தொழில் தொடங்குகிறவர்கள் கூடிப் பேசுகிற நிகழ்ச்சிக்கு, போவது பற்றித் தேடினால் வருகிற அறிவுரைகள் எல்லாம் "தன்னம்பிக்கையோடு பேசுங்கள்", "புன்னகையுங்கள்" ரகம். உள்ளே போனதும் நாலைந்து பேராகக் கூடிக்கூடி நின்று பேசிக்கொண்டிருக்கிறார்களே, அதில் எங்கே போய் நிற்பது என்று யாரும் சொல்வதில்லை. நான் தட்டுத்தடுமாறித் தேற்றிக்கொண்ட முறையைப் படிப்படியாக எழுதுகிறேன். மீட்டப், லூமா, ஈவென்ட்பிரைட் மாதிரி தளங்களில் நிகழ்ச்சியைத் தேடிப் பதிவு செய்வதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் தாண்டிப் போகிறேன்.

எதற்குப் போகிறோம் என்பது தெளிவாக இருந்தால் பாதிப் பதற்றம் குறைந்துவிடும். மார்க் கிரானோவெட்டர் என்கிற சமூகவியலாளர் 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த ஆட்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்த்தோம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் செய்தி தூரத்து ஆளிடமிருந்துதான் வரும். அது வேலை தேடியவர்கள் பற்றிய ஆய்வு என்றாலும் கோ-ஃபவுண்டரோ (சேர்ந்து தொழில் தொடங்கும் கூட்டாளி) முதல் வாடிக்கையாளரோ தேடுகிறவர்களுக்கும், நான் பார்த்தவரை, அப்படியே பொருந்துகிறது. ஆகவே ஒரே மாலையில் யாரோடும் ஒட்டி உறவாடிவிட வேண்டியதில்லை, மூன்று நான்கு மெல்லிய அறிமுகங்கள் போதும். என்ன, மெல்லிய அறிமுகம் சீக்கிரமே மறந்தும் போகும். கீழே படி 5-ஐ அவ்வளவு நீட்டி எழுதியிருப்பது அதனால்தான்.

படி 1: எந்த நிகழ்ச்சி

புதிதாகப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு, கைக்கு வேலை இருக்கிற நிகழ்ச்சி. ஹேக்கத்தான், பயிற்சிப் பட்டறை, ஸ்டார்ட்அப் வீக்கெண்ட் மாதிரி. ஸ்டார்ட்அப் வீக்கெண்ட் 2007-இல் அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் தொடங்கியது, வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை 54 மணி நேரம். முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஒன்றைக் கட்டி எழுப்பும்போது "என்ன பேசுவது" என்ற கேள்வியே எழாது. அடுத்தது பார்கேம்ப், 2005 முதல் நடக்கிறது, அதில் வருகிறவர்களே அன்று காலை பலகையில் தலைப்பு எழுதி நிரலை உருவாக்குவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது நல்லது, சின்னதாக ஒரு தலைப்பை எடுத்துப் பேசிவிட்டால் அப்புறம் மற்றவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

முதலீட்டாளர்கள் முன் தொழில் யோசனையை விளக்கிப் பணம் கேட்கிற பிட்ச் இரவுகளைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளி வையுங்கள். எல்லோரும் அந்த இரண்டு முதலீட்டாளர்களையே சுற்றி நிற்பார்கள், பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலும் அவர் கண் உங்கள் தோளுக்குப் பின்னால்தான் இருக்கும். பெரிய மாநாட்டைவிட மாதாமாதம் நடக்கிற சின்னக் கூட்டம் மேல். இரண்டாம் தடவை போகும்போதே சில முகங்கள் தெரிந்த முகங்களாகிவிடும்.

படி 2: போவதற்கு முன்

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். பதிலை இரண்டு வாக்கியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியம், யாருக்கு என்ன செய்கிறீர்கள் என்பது. இரண்டாவது, இப்போது உங்களைப் படுத்துகிற ஒரு சிக்கல். "ஏஐ அடிப்படையிலான பி2பி சாஸ் தளம்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டு நிறுத்திக்கொள்வார். "பள்ளி பஸ் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டுகிற ஆப் செய்கிறோம். டிரைவர்கள் அதை ஆன் பண்ண மறந்துவிடுவதுதான் இப்போது தலைவலி" என்றால் கேட்டவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைக்கிறது. அவரே யோசனை சொல்ல ஆரம்பிப்பார், இல்லாவிட்டால் அதைத் தீர்த்த ஓர் ஆளை அவருக்குத் தெரிந்திருக்கும்.

லிங்க்டுஇன் ஆப்பில் தேடல் பட்டையைத் தொட்டால் க்யூஆர் ஐகான் வரும், அதற்குள் உங்கள் க்யூஆர் கோடு இருக்கும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் சிக்னல் இல்லாமல் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கும்போது இது கைகொடுக்கும். விசிட்டிங் கார்டு செத்துவிட்டது என்பார்கள், எனக்கு இன்னும் பிடிக்கும். ஆனால் பளபளப்பில்லாத தாளில் அடியுங்கள், பளபளக்கிற தாளில் பேனா மை வழுக்கி அழிந்துவிடும். பின்பக்கம் எழுத இடமில்லாத கார்டு எனக்குக் கார்டே இல்லை.

சீக்கிரம் போய்விடுங்கள். ஆரம்பிக்கும் முன் பத்துப் பேர் இருக்கிற அறையில் எல்லோருமே தனியாகத்தான் நிற்பார்கள்.

படி 3: கூட்டத்துக்குள் நுழைவது

கால்களைப் பாருங்கள். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் நேர் எதிரே பாதம் வைத்து நின்றால் அது அவர்களுக்குள்ளான பேச்சு, விட்டுவிடுங்கள். பாதங்கள் 'வி' மாதிரி விரிந்திருந்தால் அந்த இடைவெளியில் போய் நிற்கலாம். எரிக் ஹோல்ஷர் என்கிற புரோகிராமர் இதையே மறுபக்கமிருந்து ஒரு விதியாகச் சொன்னார், பெயர் பேக்மேன் விதி. வட்டமாக நின்று பேசும்போது எப்போதும் ஓர் ஆள் நுழைகிற அளவு இடம் விட்டு நில்லுங்கள், யாராவது வந்து நிரப்பினால் மறுபடி நகர்ந்து இன்னோர் இடம் விடுங்கள், அவ்வளவுதான். பழைய பேக்மேன் வீடியோ கேமில் வாய் திறந்த வட்ட உருவம் வருமே, அது மாதிரி.

நுழைந்ததும் அறிமுகம் செய்துகொள்ள அவசரப்படாதீர்கள். ஓடுகிற பேச்சை ஒரு நிமிடம் கேளுங்கள், அதில் ஒரு கேள்வி கேளுங்கள், பெயர் அப்புறம் தானாக வரும். எந்த வட்டமும் திறக்கவில்லையா? தனியாக போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் போய் "எனக்கு இங்கே யாரையும் தெரியாது, நீங்கள் அடிக்கடி வருவீர்களா?" என்றால் போதும். பெரும்பாலும் அவர் போனில் எதையும் படித்துக்கொண்டிருக்கவில்லை.

படி 4: பேச்சிலிருந்து வெளியேறுவது

"சரி, பார்க்கலாம்" என்று நழுவுவதைவிட எதையாவது செய்துவிட்டு நகர்வது சுலபம். ஒன்று, "அந்தக் கட்டுரையை நாளைக்கு அனுப்புகிறேன், உங்கள் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகரலாம். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு "இவரும் பள்ளிகளுக்குத்தான் விற்கிறார்" என்று இருவரையும் கோத்துவிட்டு நீங்கள் விலகலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது, விலகியதும் யாருக்கும் குறையாகத் தோன்றாது.

படி 5: மறுநாள் (இதைத் தாவிவிடாதீர்கள்)

இங்கேதான் நான் ரொம்ப நாள் திணறினேன். பை நிறைய கார்டு இருக்கும், லிங்க்டுஇன்னில் புதுப் பெயர்கள் இருக்கும், யார் எவர் என்று தெரியாது. தெரியாததால் எழுதமாட்டேன், எழுதாததால் அதோடு போச்சு.

தீர்வு மறுநாள் காலையில் இல்லை, அன்று இரவிலேயே இருக்கிறது. வெளியே வந்ததும் வண்டி ஏறும் முன்போ நடந்துகொண்டேயோ போனில் குரல் பதிவு செய்யுங்கள். ஓர் ஆளுக்கு மூன்றே விஷயம்: எங்கே நின்று பேசினோம், அவருக்கு இப்போது எது சிக்கல், நான் என்ன தருவதாகச் சொன்னேன். பெயர் மறந்திருந்தாலும் பரவாயில்லை, "பச்சை பை வைத்திருந்தவர், பேமென்ட் கேட்வே பற்றிப் புலம்பினார்" என்று பதிந்துவிட்டால் மறுநாள் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். தூங்கி எழுந்தால் எல்லா முகமும் ஒன்றாகிவிடும்.

மறுநாள் மதியத்துக்குள் செய்தி அனுப்பிவிடுங்கள். மேலே சொன்ன பள்ளி பஸ் ஆளை நீங்கள் சந்தித்ததாக வைத்துக்கொள்வோம்:

"வணக்கம், நேற்று ஜன்னலோர மேசையில் பேசினோம், டிரைவர்கள் ஆப்பை ஆன் பண்ண மறப்பது பற்றி. வண்டியின் ப்ளூடூத்தோடு போன் இணைந்ததும் ஆப்பைத் தானாக எழுப்புவது பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது என்றேன் அல்லவா, இதோ இணைப்பு. உங்களுக்குப் பயன்பட்டதா என்று தெரிந்தால் சந்தோஷம்."

இதில் எந்தக் கோரிக்கையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். "ஒரு காபி குடிக்கலாமா", "உங்களிடம் கொஞ்சம் யோசனை கேட்கலாமா" எல்லாம் அடுத்த சுற்றுக்கு. எங்கே பார்த்தோம், எதைப் பேசினோம், சொன்னதைக் கொடுத்தாயிற்று. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை எழுதலாம், அதற்கு மேல் வேண்டாம்.

யாரையாவது யாருக்காவது அறிமுகப்படுத்துவதாகச் சொல்லியிருந்தால் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் இருவரையும் ஒரே மின்னஞ்சலில் போட்டுவிட்டால், விருப்பமில்லாதவர் மறுக்கவும் முடியாமல் மாட்டிக்கொள்வார்.

இதையெல்லாம் வைத்துக்கொள்ள சிஆர்எம் ஆப் (வாடிக்கையாளர் தொடர்புகளைப் பதிந்து வைக்கிற ஆப்) தேடாதீர்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் பெயர், சந்தித்த இடம், சிக்கல், நான் சொன்னது, அனுப்பிய தேதி. இந்த ஐந்து நெடுவரிசை போதும்.

*பின்சேர்க்கை:* லிங்க்டுஇன் அழைப்போடு குறிப்பு சேர்க்க முடியவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். இலவசக் கணக்கில் குறிப்போடு அனுப்பும் அழைப்புகளுக்கு மாத வரம்பு உண்டு. எதிரே நிற்கும்போதே க்யூஆர் ஸ்கேன் செய்து இணைந்துவிட்டால், மறுநாள் சாதாரணச் செய்தியாகவே அனுப்பலாம், வரம்புப் பிரச்சினை இல்லை.

நீங்களே நடத்துவது

சில கூட்டங்களுக்குப் போய்ப் பழகியதும் நடத்திப் பாருங்கள். ஹோஸ்டாக இருப்பது கூச்சக்காரர்களுக்கு உண்மையில் சுலபம், எல்லோரும் அவர்களாகவே உங்களிடம் வருவார்கள்.

வடிவத்துக்கு நான் காப்பியடிப்பது ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப் என்கிற கணினி ஆர்வலர் குழுவை. 1975 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஒரு கராஜில் முதல் கூட்டம் நடந்தது, ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் அதில் இருந்தார், ஆப்பிள் 1 கணினிக்கான உந்துதல் அங்கேதான் கிடைத்தது என்று பின்னாளில் சொன்னார். கூட்டம் பெரிதானதும் லீ ஃபெல்சன்ஸ்டைன் என்கிற உறுப்பினர் அதை இரண்டு பகுதியாக நடத்தினார். முதல் பகுதியில் யாரிடம் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவராக எழுந்து சுருக்கமாகச் சொல்வார்கள். இரண்டாவதில் எல்லோரும் எழுந்து, தங்களுக்கு வேண்டிய ஆளைத் தேடிப் போய்ப் பேசுவார்கள். ஐம்பது வருடம் ஆகிவிட்டது, இதைவிட நல்ல வடிவத்தை நான் பார்க்கவில்லை. ஆளுக்கு முப்பது வினாடி, "நான் தேடுவது" "நான் தரக்கூடியது" என்று இரண்டே வரி. முப்பது பேருக்கு மேல் இருந்தால் கை தூக்குபவர்கள் மட்டும்.

உரை வைத்தே ஆகவேண்டும் என்றால் இக்னைட் முறையில் வையுங்கள்: 20 ஸ்லைடு, ஒவ்வொன்றும் 15 வினாடியில் தானாக நகரும், 5 நிமிடத்தில் பேசுபவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் முடிந்துவிடும். ஸ்பான்சர் பேசவேண்டும் என்று கேட்டால் அவருக்கும் இதே கணக்குத்தான்.

அறையை எப்போதும் கொஞ்சம் சின்னதாகவே எடுங்கள். இலவச நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தவர்களில் பலர் வரமாட்டார்கள், முந்தைய நாள் நினைவூட்டல் அனுப்பி "வர முடியாவிட்டால் ரத்து செய்துவிடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் ஆள் இருக்கிறது" என்று கேட்டால் ஓரளவு சரியாகும். நாற்காலிகளில் பாதியை ஓரமாக அடுக்கிவிடுங்கள், உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். சிற்றுண்டி மேசையைக் கதவிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் வாசலிலேயே கூட்டம் அடைத்துக்கொள்ளும்.

பின்னணி இசை வேண்டவே வேண்டாம். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள், இதற்கு லோம்பார்ட் விளைவு என்று பெயர். ஒருவர் உயர்த்தினால் பக்கத்து வட்டமும் உயர்த்தும், அரை மணி நேரத்தில் ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருப்பார்கள், காது மந்தமானவர் முதலில் கிளம்பிவிடுவார்.

பெயர் அட்டைக்குத் தடித்த மார்க்கர் வாங்குங்கள், பால்பாயின்ட் பேனாவில் எழுதியதை யாராலும் தூரத்திலிருந்து படிக்க முடியாது. பெயர் பெரிதாக, கீழே "தேடுவது:" என்று ஒரு வரி. நிறுவனப் பெயர் தேவையில்லை என்பது என் கட்சி.

எல்லாவற்றையும்விட முக்கியம் வாசல். நன்றாகப் பேசுகிற ஒருவரை முதல் ஒரு மணி நேரம் அங்கேயே நிறுத்துங்கள். தனியாக வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்டு, உள்ளே கூட்டிப்போய் பொருத்தமான ஒருவரிடம் சேர்த்துவிட்டு, திரும்பி வாசலுக்கு வருவதுதான் அவர் வேலை. செக்-இன் பட்டியலில் டிக் அடிப்பதை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். நடத்தை விதிகளை அச்சடித்து ஒட்டினால் போதாது, புகார் இருந்தால் யாரிடம் சொல்வது என்று அந்த ஆளை மேடையில் காட்டிவிடுங்கள்.

கலையும் முன்பே அடுத்த தேதியை அறிவித்துவிடுங்கள்.

*இன்னொரு பின்சேர்க்கை:* கூட்டம் முடிந்ததும் எல்லோரையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடலாம் என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். சாதாரணக் குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், அதன் பிறகு வேலைக்குச் சம்பந்தமில்லாத செய்திகள் வந்ததாகப் பெண் ஃபவுண்டர்கள் சிலர் எழுதினார்கள். வாட்ஸ்அப் கம்யூனிட்டியின் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்கள் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, அதைப் பயன்படுத்துங்கள். தொடர்புப் பட்டியல் வேண்டும் என்பவர்களுக்குப் பதிவுப் படிவத்திலேயே "என் லிங்க்டுஇன் முகவரியை மற்றவர்களோடு பகிரலாம்" என்று ஒரு டிக் பெட்டி வையுங்கள், டிக் செய்தவர்கள் பட்டியலை மட்டும் மறுநாள் மின்னஞ்சலில் அனுப்புங்கள். அந்தப் பெட்டியில் முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள்.