ரக்பி கிளப்பில் கையெழுத்திடும் முன்: கணக்கையும் களத்தையும் படிக்கும் வழி

2022 அக்டோபர் 5ஆம் தேதி லண்டன் உயர் நீதிமன்றம் 'டபிள்யூ.ஆர்.எஃப்.சி. பிளேயர்ஸ் லிமிடெட்' என்ற கம்பெனியைக் கலைக்க உத்தரவிட்டது. சுமார் 60 லட்சம் பவுண்டு வரி பாக்கிக்காக பிரிட்டன் வரித்துறை தொடுத்த வழக்கு அது. இங்கிலாந்து ரக்பிக் கிளப்பான வொர்செஸ்டர் வாரியர்ஸ் வீரர்களின் வேலை ஒப்பந்தங்கள் அந்தக் கம்பெனியின் பெயரில்தான் இருந்தன. உத்தரவு வந்ததும் அத்தனை ஒப்பந்தங்களும் முடிந்துபோயின. சீசன் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. மற்ற கிளப்புகள் தங்கள் சம்பளப் பணத்தை ஏற்கெனவே பங்கிட்டு முடித்திருந்தன.

கம்பெனிக் கணக்குகளைப் படிப்பது என் தொழில். ரக்பி எனக்கு உயிர். பயிற்சி அகாடமியிலிருந்து முதல் தொழில்முறை ஒப்பந்தம் கைக்கு வந்த இளைஞர்களும் அவர்களின் பெற்றோரும் "கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டு வரும்போது நான் எதை எதைப் பார்க்கிறேனோ அதையே இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்துக் கிளப்புகளையே பெரும்பாலும் எடுத்துக்காட்டியிருக்கிறேன். அங்கேதான் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் திறந்து கிடக்கிறது. அண்மையில் அதிகம் வலித்ததும் அங்கேதான்.

முதலில், உங்களுக்கு வேலை தருவது யார்?

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளப்பின் சின்னத்தையும் வண்ணத்தையும் விட்டுவிட்டு, 'லிமிடெட்' என்று முடியும் பெயரைத் தேடுங்கள். அதன் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கிளப்புக்குள் மூன்று நான்கு கம்பெனிகள் இருப்பது சாதாரணம். ஸ்டேடியம் ஒன்றின் பெயரில், டிக்கெட்டும் மதுக்கூடமும் இன்னொன்றின் பெயரில், வீரர்கள் மூன்றாவதில். ஒருமுறை ஓர் இளம் ஹூக்கர் (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்) கொண்டுவந்த ஒப்பந்தத்தில் ஒரு கம்பெனியின் பெயர் இருந்தது. அதே கிளப்பில் ஆடும் அவருடைய நண்பரின் சம்பளச் சீட்டில் வேறொரு பெயர். இதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை. ஆனால் பணம் நின்றுபோகும் நாளில் நீங்கள் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதை அந்தப் பெயர்தான் தீர்மானிக்கிறது. வீரர்களுக்கான கம்பெனியிடம் சொத்து எதுவும் இல்லையென்றால், தாய்க் கம்பெனி உத்தரவாதம் தருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கணக்கை எடுத்துப் படியுங்கள்

பிரிட்டனின் 'கம்பெனிஸ் ஹவுஸ்' இணையதளத்தில் எந்தக் கம்பெனியின் ஆண்டுக் கணக்கையும் இலவசமாகப் பார்க்கலாம். முதலில் தேதியைக் கவனியுங்கள். தனியார் கம்பெனி, நிதியாண்டு முடிந்து 9 மாதங்களுக்குள் கணக்கைத் தாக்கல் செய்தால் போதும். அதாவது அடுத்த கணக்கு வருவதற்கு முந்தைய நாள் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது 21 மாதங்களுக்கு முந்தைய நிலவரமாக இருக்கலாம். தாக்கல் தாமதமாகியிருந்தாலோ, நிதியாண்டு முடியும் தேதியைத் திடீரென்று மாற்றியிருந்தாலோ, தணிக்கையாளர் நடுவில் விலகியிருந்தாலோ காரணத்தைக் கேட்காமல் விடாதீர்கள். என் அனுபவத்தில், நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி கணக்குக் கொடுக்கத் தயங்குவதில்லை.

பெற்றோர் பெரும்பாலும் நட்டத்தைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். இங்கிலாந்தின் முதல் நிலைக் கிளப்புகளில் நட்டம் வழக்கமானது. 1995 ஆகஸ்ட்டில் ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே வசதி படைத்த உரிமையாளர்கள் தங்கள் பையிலிருந்து எடுத்துக்கொடுத்துத்தான் ஆட்டம் நடக்கிறது. ஆகவே அந்தப் பள்ளத்தை யார் நிரப்புகிறார்கள், எவ்வளவு காலத்துக்கு நிரப்புவார்கள் என்று பாருங்கள்.

இதற்கு விடை, கணக்கின் பின்பகுதியில் பொடி எழுத்தில் வரும் ஒரு குறிப்பில் இருக்கிறது: நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பது பற்றிய குறிப்பு. வரவு செலவை விட்டுவிட்டு நான் முதலில் படிப்பது இதைத்தான். கணக்கு கையெழுத்தான நாளிலிருந்து குறைந்தது 12 மாதங்களுக்கு நிதி ஆதரவைத் தொடர்வதாக உரிமையாளர் உறுதியளித்திருக்கிறார் என்று அதில் இருக்கும். இப்படிப்பட்ட ஆதரவுக் கடிதங்கள் பெரும்பாலும் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல. உங்கள் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு. உரிமையாளரின் வாக்கோ 12 மாதத்துக்கு. இந்த இடைவெளியை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். 'குறிப்பிடத்தக்க நிச்சயமின்மை நிலவுகிறது' என்று தணிக்கையாளர் தனிப் பத்தி எழுதியிருந்தால் இரண்டு முறை படியுங்கள். அந்தச் சொற்களைத் தணிக்கையாளர் விளையாட்டாக எழுதுவதில்லை.

அடுத்து அடமானப் பதிவேடு. அதே இணையதளத்தில் கம்பெனியின் சொத்துகள்மேல் யாருக்கு உரிமை இருக்கிறது என்பது பட்டியலாக இருக்கும். இங்கே வாஸ்ப்ஸின் கதை நினைவில் இருக்கட்டும். 2004, 2007 ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற கிளப் அது. 2014 டிசம்பரில் கவன்ட்ரியில் இருக்கும் பெரிய ஸ்டேடியத்துக்கு இடம் மாறியது. மறு ஆண்டு 6.5 சதவீத வட்டியில் 3.5 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. வாங்கியவர்களில் கிளப்பின் ரசிகர்களும் இருந்தார்கள். திருப்பித் தர வேண்டிய மாதம் 2022 மே. பணம் வரவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 17இல் கிளப் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது; 167 பேருக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. முதிர்வு மாதம் ஏழாண்டுக்கு முன்பே அச்சிட்ட தாளில் இருந்தது. உங்கள் கிளப்பின் கடனுக்கும் அப்படியொரு மாதம் இருக்கும். அது உங்கள் ஒப்பந்தக் காலத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள்.

வருமானத்தில் ஒரு வரியைத் தனியே பிரித்துப் பாருங்கள்: தொலைக்காட்சி, விளம்பரம் ஆகியவற்றிலிருந்து மையமாக வரும் பங்கு. 2018 டிசம்பரில் சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனம், இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கை நடத்தும் பிரீமியர்ஷிப் ரக்பியில் 27 சதவீதத்தை 20 கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்து வாங்கியது. கிளப்புகளுக்கு அந்தத் தொகை ஒரே முறை வந்தது. அதன் பிறகு லீக் ஈட்டும் ஒவ்வொரு 100 பவுண்டு இலாபத்திலும் 27 வெளியே போகிறது. பழைய கணக்கில் அந்த ஆண்டு மட்டும் செழிப்பாகத் தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள். கொரோனாக் காலத்தில் அரசிடமிருந்து கிளப்புகள் 12 கோடி பவுண்டுக்கும் அதிகமாகக் கடன் வாங்கின. அதைத் திருப்பிக் கட்டும் சுமை இன்னும் பல ஆண்டுகளின் கணக்கில் வரும்.

வெற்றியைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்

ஜெர்சி ரெட்ஸ் 2022-23 சீசனில் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் சாம்பியன். 2023 செப்டம்பரில் மூடப்பட்டது. லண்டன் ஐரிஷ் அதே 2022-23இல் முதல் நிலைப் பட்டியலில் ஐந்தாம் இடம் பிடித்தது. கிளப்பை விற்கும் பேச்சு இழுத்துக்கொண்டே போக, மே மாதச் சம்பளம் முழுதாக வரவில்லை. ஜூன் 6ஆம் தேதி லீக்கிலிருந்து இடைநீக்கம். சம்பளம் ஒரு நாள் தாமதமானால்கூட அதைப் பெரிய செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முந்தைய அறிகுறி வரித்துறையிடமிருந்து வரும்: கலைப்பு மனு தாக்கலானால் அரசிதழில் விளம்பரம் வரும். கிளப்பின் பெயரைப் போட்டு அங்கே தேட இரண்டு நிமிடம் போதும்.

பணக் கஷ்டம் உடம்பில் எப்படி விழுகிறது

கணக்கைப் பார்த்து முடித்ததும் பலர் எழுந்துவிடுகிறார்கள். அவர்களை நான் உட்கார வைக்கிறேன். பணம் குறையும்போது கிளப் முதலில் வெட்டுவது வீரர்களின் எண்ணிக்கையை. ஒரு கிளப் வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்குப் பிரீமியர்ஷிப் வைத்த உச்சவரம்பு 64 லட்சம் பவுண்டிலிருந்து 50 லட்சமாக 2021-22இல் குறைக்கப்பட்டு, 2024-25இல்தான் பழைய அளவுக்குத் திரும்பியது. சம்பளத் தொகை சுருங்கினால் அணியும் சுருங்கும். ஆட்டங்களின் எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: அணிப் பட்டியலில் டைட்ஹெட் ப்ராப் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இரு அணிகளும் எட்டு எட்டுப் பேராகப் பிணைந்து தள்ளும் ஸ்க்ரம்மின் வலது முனையில் எதிரணியின் எடையை அதிகம் தாங்குபவர் இவர். பயிற்சி இல்லாதவரை அங்கே நிறுத்தினால் கழுத்துக்கே ஆபத்து. ஆகவே ஒவ்வொரு ஆட்டத்தின் 23 பேரிலும் அந்த இடத்துக்கு மாற்று ஆள் இருந்தாக வேண்டும். ஒரு கிளப்பில் மூவர் மட்டும் இருந்து ஒருவருக்கு முழங்கால் போய்விட்டால், மீதி இருவரும் ஒவ்வொரு வாரமும் களத்துக்கு வர வேண்டும். அவர்களில் ஒருவருக்குத் தோள் வலித்தால் அதை வெளியே சொல்வாரா? அந்த இடத்துக்கு ஆடும் இளைஞர் அப்படிப்பட்ட அணியில் சேரும்போது 'நிறைய வாய்ப்புக் கிடைக்கும்' என்று ஆசை காட்டுவார்கள். என் கண்ணுக்கு அது எச்சரிக்கையாகவே படுகிறது.

இங்கிலாந்தில் ஒரு வீரர் ஒரு சீசனில் பங்கேற்கக்கூடிய ஆட்டங்களுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்பைத் தொடாமலேயே உடம்பு நொறுங்கலாம், ஏனென்றால் பயிற்சியில் படும் அடி அந்த எண்ணிக்கையில் வராது. முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்பது 2021இல் உலக ரக்பி அமைப்பும் சர்வதேச வீரர்கள் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல். "உங்கள் கிளப்பில் இதை யார் கணக்கிடுகிறார்கள்?" என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். நல்ல கிளப்பில் ஒருவரின் பெயரைச் சொல்வார்கள்.

தலையில் அடிபட்டால்

இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டங்களில் 2011-12 முதல் மிக அதிகம் பதிவாகும் காயம் மூளையதிர்ச்சி. 2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் ஸ்டீவ் தாம்ப்சன், அந்தக் கோப்பையை வென்றதே தமக்கு நினைவில் இல்லை என்று 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கு இள வயதிலேயே மறதிநோய். அவரும் வேறு பல முன்னாள் வீரர்களும் சேர்ந்து ஆட்ட அமைப்புகள்மேல் வழக்கு நடத்துகிறார்கள்.

பழைய முறை எப்படி இருந்தது என்று அறிய 2013 ஜூலையில் சிட்னியில் நடந்த ஆஸ்திரேலியா - லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து கூட்டணி) மூன்றாவது டெஸ்டின் முதல் நிமிடங்களைப் பாருங்கள். ஜார்ஜ் ஸ்மித்தும் ரிச்சர்ட் ஹிப்பார்டும் தலையோடு தலை மோதுகிறார்கள். ஸ்மித் கால் பின்னத் தாங்கலாக வெளியே நடத்திச் செல்லப்படுகிறார். ஐந்து நிமிடச் சோதனையில் 'தேறி' மறுபடி களத்துக்கு வருகிறார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது அது.

இன்று அப்படித் தள்ளாடினாலே ஆட்டம் முடிந்தது, சோதனைக்கே இடமில்லை. சந்தேகத்துக்கு இடமுள்ள அடிக்குத்தான் 12 நிமிடச் சோதனை. அதன் பிறகு ஆட்டம் முடிந்ததும் ஒரு சோதனை, இரண்டு இரவு தூங்கி எழுந்த பின் மூன்றாவது. மூளையதிர்ச்சி உறுதியானால் ஏழு நாளுக்கு முன் யாரும் திரும்ப முடியாது. முன்பே அடிபட்ட வரலாறு உள்ளவருக்குக் குறைந்தது 12 நாள். 2024 ஜனவரி முதல் மோதலின் வேகத்தை அளந்து மருத்துவருக்குத் தகவல் அனுப்பும் பற்காப்பும் முறையில் சேர்ந்துவிட்டது. விதிகள் நன்றாகவே இருக்கின்றன. நான் கேட்கச் சொல்வது வேறு: கிளப் மருத்துவர் முழுநேர ஊழியரா, பல கிளப்புகளுக்கு ஓடுபவரா? செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அடிபட்டால், ஆட்டநாளின் சுயேச்சை மருத்துவரும் கேமராவும் இல்லாத இடத்தில், முடிவெடுப்பது யார்?

காப்பீடு

கணக்கும் உடம்பும் ஒரே தாளில் சந்திப்பது இங்கேதான். 2022 செப்டம்பர் 26 மாலை 5 மணிக்குள் காப்பீடு, சம்பளத்துக்கான பணம் ஆகியவற்றுக்குச் சான்று காட்ட வேண்டும் என்று இங்கிலாந்து ரக்பி யூனியன் வொர்செஸ்டருக்குக் கெடு விதித்தது. சான்று வரவில்லை. இடைநீக்கம் வந்தது. காப்பீடு இல்லாமல் பயிற்சியில் ஒரு டேக்கிள் செய்வதுகூட, அதாவது எதிராளியைப் பிடித்து வீழ்த்துவதுகூட, வாழ்க்கையைப் பணயம் வைப்பது. ஆகவே காப்பீட்டுச் சான்றின் நகலைக் கேளுங்கள். புதுப்பிக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்ட வாழ்க்கையையே முடிக்கும் காயத்துக்கு எவ்வளவு, காயத்தால் வெளியே இருக்கும்போது முழுச் சம்பளம் எத்தனை மாதம், எந்தக் கட்டத்தில் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை கிளப்புக்கு வருகிறது என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் விரல் வைத்துத் தேடுங்கள். புரியாத வரிகளை வீரர்கள் சங்கத்திடம் காட்டலாம். முகவர் அவசரப்படுத்தினாலும் இதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு நாடுகளில்

பிரான்ஸில் கிளப்புகளின் வரவு செலவைச் சோதிக்கத் தனி அமைப்பு இருக்கிறது. கணக்கு சரியில்லாத கிளப்பைக் கீழ்நிலைக்கு இறக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அயர்லாந்தில் முன்னணி வீரர்கள் சிலருக்குச் சம்பளம் தருவது தேசிய யூனியன். அதனால் அவர்களுக்கு ஓய்வு கொடுப்பது எளிது. வேல்ஸில் 2025 ஏப்ரலில் கார்டிஃப் கிளப் திவாலாகி யூனியனே வாங்கிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ரெபல்ஸ் 2024 சீசனோடு மூடப்பட்டது. யூனியன் பின்னால் நிற்கிறது என்று யாராவது சொன்னால், எதற்கு, எவ்வளவுக்கு, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள்.

கையெழுத்திட்ட பிறகும் ஒரு வேலை பாக்கி. கம்பெனிஸ் ஹவுஸ் தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால், நீங்கள் குறிப்பிடும் கம்பெனி எந்தப் புதிய தாளைத் தாக்கல் செய்தாலும் இலவசமாகத் தகவல் வரும். ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனி, அதன் தாய்க் கம்பெனி, ஸ்டேடிய நிலத்தை வைத்திருக்கும் கம்பெனி என மூன்றையும் அன்றைக்கே அதில் பதிந்துவிடுங்கள். இயக்குநர் விலகினாலும் புது அடமானம் ஏறினாலும், உடைமாற்றும் அறையில் வதந்தி கிளம்புவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.